உடலின் திசைகளும் அசைவுகளும்: எழுந்து நின்று படிக்க வேண்டிய பாடம்

நர்சிங், பிசியோதெரபி முதலாம் ஆண்டில் அனாட்டமி புத்தகத்தைத் திறந்தாலே ஆன்டீரியர், மீடியல், அப்டக்‌ஷன் என்று சொற்கள் வரிசைகட்டி வரும். உட்கார்ந்து மனப்பாடம் செய்தால் பரீட்சை வரைக்கும்தான் தாங்கும். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நில்லுங்கள்.

படி 1: நிற்கும் முறை

முகமும் பாதங்களும் முன்னோக்கி இருக்கட்டும். கைகள் பக்கவாட்டில் தொங்கட்டும். இப்போது உள்ளங்கைகளை முன்பக்கம் திருப்புங்கள். கட்டைவிரல்கள் வெளிப்பக்கம் பார்க்கும். இதுதான் அனாட்டமிகல் பொசிஷன். நிஜத்தில் யாரும் இப்படி நிற்பதில்லை. ஆனால் நோயாளி குப்புறப் படுத்திருந்தாலும், அவர் இப்படி நிற்பதாக வைத்துக்கொண்டுதான் திசை சொல்ல வேண்டும். இடது, வலது என்பதும் நோயாளியுடையதே. நெஞ்சு எக்ஸ்ரேயை அவர் நம்மைப் பார்த்து நிற்பது போல வைத்துப் பார்ப்பார்கள். அதனால் இடப்பக்கம் இருக்கும் இதய நுனி நம் வலக்கைப் பக்கம் தெரியும்.

படி 2: திசைகள்

முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். தலைப்பக்கம் சுப்பீரியர், பாதப்பக்கம் இன்ஃபீரியர். இதில் யாருக்கும் குழப்பம் வராது.

அடுத்து, மூக்கு, தொப்புள் வழியாக ஒரு நடுக்கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அருகில் இருப்பது மீடியல், விலகி இருப்பது லேட்டரல். அப்படியானால் கையில் சுண்டுவிரல் மீடியல். காலிலோ பெருவிரல்தான் மீடியல். சந்தேகம் வந்தால் உங்கள் உள்ளங்கை முன்னால் பார்க்கிறதா என்று சரிபாருங்கள்.

கை கால்களில் உடலோடு சேரும் இடத்துக்கு அருகே இருப்பது ப்ராக்ஸிமல், தள்ளி இருப்பது டிஸ்டல். முழங்கையோடு ஒப்பிட்டால் மணிக்கட்டு டிஸ்டல். விரல்களோடு ஒப்பிட்டால் அதே மணிக்கட்டு ப்ராக்ஸிமல். எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான்.

படி 3: அசைவுகள்

மூட்டை மடக்கினால் ஃப்ளெக்‌ஷன், நீட்டினால் எக்ஸ்டென்ஷன். முழங்கையை மடக்கும்போது முன்கை முன்னால் வருகிறது, முழங்காலை மடக்கும்போது கெண்டைக்கால் பின்னால் போகிறது, இரண்டுமே ஃப்ளெக்‌ஷன்தான். தோளில், கையை முன்னால் தூக்குவது ஃப்ளெக்‌ஷன். கணுக்காலில் பெயர் கொஞ்சம் நீளும்: பாதத்தை மேலே தூக்கினால் டார்சிஃப்ளெக்‌ஷன், பரணில் இருக்கும் டப்பாவை எட்ட எக்கி நின்றால் பிளான்டார்ஃப்ளெக்‌ஷன்.

கையை உடலிலிருந்து பக்கவாட்டில் விலக்கினால் அப்டக்‌ஷன், திரும்பச் சேர்த்தால் அடக்‌ஷன். காதில் இரண்டும் ஒன்றுபோல விழுவதால் பலர் ‘ஏ-பி-டக்‌ஷன்’, ‘ஏ-டி-டக்‌ஷன்’ என்று எழுத்தைப் பிரித்தே சொல்வார்கள். நீங்களும் அப்படியே பழகுங்கள். விரல்களை விரிப்பதும் அப்டக்‌ஷன்தான், ஆனால் அங்கே கணக்கு நடுவிரலிலிருந்து. பாதத்தில் இரண்டாம் விரலிலிருந்து. கட்டைவிரலுக்குத் தனிக் கணக்கு உண்டு. முதல் வாரத்தில் அதைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் எனக்குப் பிடித்த ஜோடி. முழங்கையை 90 டிகிரி மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். உள்ளங்கையை மேலே திருப்பினால் சுபினேஷன், கீழே திருப்பினால் ப்ரொனேஷன். கையை நீட்டியபடி திருப்பினால் தோளும் சேர்ந்து சுழன்று கணக்கைக் கெடுத்துவிடும். அதற்காகத்தான் மடக்கச் சொன்னேன். உள்ளங்கை மேலே இருக்கும்போது முன்கையின் ரேடியஸ், அல்னா எலும்புகள் இணையாகக் கிடக்கும். கீழே திருப்பும்போது ரேடியஸ் அல்னாவின் குறுக்கே போகும். வலக்கையால் ஒரு ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே இடக்கையைப் புஜத்தின் மேல் வைத்துப் பாருங்கள். புஜத்தின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் இறுகும். முழங்கையை மடக்குவதோடு சுபினேஷனும் அதன் வேலைதான்.

படி 4: அன்றாட வேலையில் பழகுதல்

ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து அண்ணாந்து குடியுங்கள். தோளில் ஃப்ளெக்‌ஷன், முழங்கையில் ஃப்ளெக்‌ஷன், கழுத்தில் எக்ஸ்டென்ஷன். அசைவைச் சொல்லும்போது மூட்டின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள். ‘கையில் ஃப்ளெக்‌ஷன்’ என்றால் தோளா, முழங்கையா, மணிக்கட்டா என்று யாருக்கும் புரியாது.

சரி, இப்போது தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். முழங்காலில் ஒரே அசைவுதான், ஃப்ளெக்‌ஷன். இடுப்பு மூட்டில் மூன்று நடந்திருக்கும்: ஃப்ளெக்‌ஷன், அப்டக்‌ஷன், தொடை வெளிப்பக்கமாகச் சுழலும் எக்ஸ்டெர்னல் ரொட்டேஷன். எழுந்திருக்கும்போது ஒவ்வொன்றும் எந்த வரிசையில் திரும்புகிறது என்று மெதுவாகச் செய்து நீங்களே சொல்லிப் பாருங்கள்.