தில்லியில் கட்டுப்படியாகும் வாடகையில் அறை எடுப்பது எப்படி

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் புது தில்லி ரயில் நிலையத்தில் இறங்குகிறவருக்கு உடனடியாக வேண்டியது ஒரு வாளி வெந்நீரும் காலை நீட்டிப் படுக்க ஒரு கட்டிலும்தான். பெட்டி ஒரு கையிலும் குழந்தை மறு கையிலுமாக நிற்கும் அந்த நேரத்தில், முதலில் வந்து பேசுகிற ஆள் காட்டும் அறையே போதும் என்று தோன்றிவிடுகிறது. தில்லியில் அறைக்காகக் கூடுதலாகச் செலவழியும் பணத்தில் பெரும்பகுதி அந்தப் பத்து நிமிடத்தில்தான் கைமாறுகிறது. எனவே தங்குமிடம் பற்றிய முடிவுகள் எல்லாம் ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

விடுதியைத் தேடுவதற்கு முன்னால் மெட்ரோ நிலையத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். மஞ்சள் தடத்தில் ஏறினால் சாந்தினி சவுக், ராஜீவ் சவுக், மத்தியச் செயலகம், எய்ம்ஸ், குதுப் மினார் எல்லாம் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன. நீலத் தடம் கரோல் பாக்கிலிருந்து ராஜீவ் சவுக் வழியாக அக்‌ஷர்தாம் வரை கொண்டுபோய் விடுகிறது. இரண்டு தடங்களும் ராஜீவ் சவுக்கில் சந்திக்கின்றன. இவ்விரு தடங்களில் ஏதாவது ஒரு நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் அறை கிடைத்தால், ஊர் சுற்றுவதற்கு ஆகும் செலவு பாதிக்குமேல் குறைந்துவிடும். அறை பதிவு செய்யும் செயலியில் வாடகை 400 ரூபாய் குறைவாக இருக்கிறது என்பதற்காக மெட்ரோ இல்லாத மூலையில் அறை எடுத்தவர், அந்த 400 ரூபாயைக் காலையில் ஒரு ஆட்டோவுக்கும் இரவில் ஒரு ஆட்டோவுக்குமாகக் கொடுத்துத் தீர்த்துவிடுவார். விமான நிலையத்துக்கு அருகிலுள்ள மஹிபால்பூரில் வாடகை மலிவு என்பது உண்மைதான். அதிகாலை விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் ஓர் இரவு தங்குவதற்கு அது பொருந்தும். நான்கு நாள் ஊர் பார்க்க வந்த குடும்பத்துக்குப் பொருந்தாது.

ரயிலில் வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பஹார்கஞ்ச். புது தில்லி நிலையத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு: முதலாம் நடைமேடைப் பக்கம் பஹார்கஞ்ச், 16-ஆம் நடைமேடைப் பக்கம் அஜ்மீரி கேட். விமான நிலைய மெட்ரோவும் மஞ்சள் தட மெட்ரோவும் அஜ்மீரி கேட் பக்கத்தில் இருக்கின்றன. விமான நிலைய மெட்ரோவில் வந்து இறங்குகிறவர் பஹார்கஞ்ச் போக வேண்டுமானால் ரயில் நிலையத்தைக் குறுக்கே கடக்க வேண்டும் என்பதை, பெட்டிகளின் எண்ணிக்கையை முடிவு செய்யும்போதே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பஹார்கஞ்சின் மெயின் பஜாரிலும், அதற்குச் சற்று வடக்கே ஆராகஷான் சாலையிலும் விடுதிகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. குளிரூட்டி உள்ள இருவர் அறை ஏறக்குறைய 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். சத்தமும் நெரிசலும் உண்டு. தனியாக வரும் ஆண்களுக்கும், இரவு ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களுக்கும் இது வசதியான இடம். வயதான பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். மின்தூக்கி இல்லாத நான்கு மாடிக் கட்டடங்கள் இங்கே நிறைய உண்டு.

குடும்பத்தோடு வருபவர்களுக்குக் கரோல் பாக் பகுதியே என் முதல் தேர்வு. அங்கே வாடகை பஹார்கஞ்சைவிடச் சில நூறு ரூபாய் கூடுதலாக இருக்கும். ஆனால் அறைகள் சற்றே பெரியவை, இட்லி தோசைக்கு அலைய வேண்டியதில்லை, கடைவீதி காலடியில் இருக்கிறது. கரோல் பாக், ஜண்டேவாலான் ஆகிய இரண்டு மெட்ரோ நிலையங்களில் எதற்கு அருகில் விடுதி இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ‘கரோல் பாக்’ என்று விளம்பரம் செய்துகொள்ளும் விடுதிகளில் சில, இரண்டு நிலையங்களுக்குமே எட்டாத தொலைவில் இருக்கின்றன.

கன்னியாகுமரியிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் வருபவர்கள் இறங்குவது ஹஸ்ரத் நிஜாமுத்தீன் நிலையத்தில். அவர்கள் பஹார்கஞ்ச்வரை போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நிலையத்தின் மேற்கே போகல், ஜங்புரா பகுதிகளில் நடுத்தர வாடகையில் விடுதிகள் உள்ளன. எய்ம்ஸ் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காக வருபவர்களின் நிலைமை வேறு. அவர்கள் யூசுப் சராய், கௌதம் நகர், கிரீன் பார்க் பகுதிகளில் அறை தேட வேண்டும்; பல நாள் தங்க வேண்டியிருக்குமானால் நாள் வாடகையைப் பேசாமல் வார வாடகையைப் பேச வேண்டும். மருத்துவமனையைச் சேர்ந்த தர்மசாலைகளில் மிகக் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கும். அதற்கு மருத்துவரின் பரிந்துரை வேண்டியிருக்கும் என்பதால், முதல் நாள் புறநோயாளிப் பிரிவிலேயே அதைக் கேட்டு வாங்கிவிடுவது உத்தமம்.

விடுதி அல்லாத இடங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். கன்னாட் பிளேஸுக்கு அருகிலுள்ள பங்களா சாஹிப் குருத்வாராவில், அதாவது சீக்கியர் வழிபாட்டிடத்தில், யாத்ரீகர்கள் தங்க அறைகள் உண்டு. அங்கே லங்கர் எனப்படும் இலவசப் பொதுப் பந்தியில் எந்த மதத்தவரும் அமர்ந்து சாப்பிடலாம். தலையை மூட வேண்டும், புகையிலையும் மதுவும் கூடாது, வழிபாட்டிடத்தில் தங்குகிறோம் என்ற நினைவு வேண்டும். ஜெய் சிங் சாலையிலுள்ள ஒய்.எம்.சி.ஏ. விடுதியும், அசோகா சாலையிலுள்ள ஒய்.டபிள்யூ.சி.ஏ. விடுதியும் பஹார்கஞ்சைவிட வாடகை கூடியவைதான் என்றாலும், நகரின் நடுவே பாதுகாப்பாக இருப்பதால் தனியாக வரும் பெண்கள் அவற்றை முதலில் விசாரிக்கலாம். சாணக்கியபுரியில் இளைஞர் விடுதிச் சங்கத்தின் விடுதி இருக்கிறது. உறுப்பினராகச் சேர்ந்தால் கட்டணம் குறையும். அதே சாணக்கியபுரியில் உள்ள தமிழ்நாடு இல்லத்தைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. அங்கே அரசுப் பணியாக வருவோருக்குத்தான் முதலிடம். யாரோ ஒருவர் கடிதம் தருவதாகச் சொன்னதை நம்பி, வேறு ஏற்பாடு இல்லாமல் ரயில் ஏறிவிடாதீர்கள்.

ரயில் நிலைய ஓய்வறைகளையும் மறந்துவிடக் கூடாது. உறுதியான பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இணையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். காலையில் இறங்கி, வேலையை முடித்துவிட்டு, இரவே திரும்புகிறவருக்கு இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதுதான் குறை.

காலத்தைப் பொறுத்தும் வாடகை ஏறி இறங்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை கூட்டம் அதிகம். நவம்பர் 14 முதல் பிரகதி மைதானத்தில் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி நடக்கும் இரண்டு வாரங்களிலும், குடியரசு நாளை ஒட்டிய நாட்களிலும், வடநாட்டுத் திருமண முகூர்த்தங்கள் குவியும்போதும் அதே அறைக்கு வேறு விலை சொல்வார்கள். மே, ஜூன் மாதங்களில் வாடகை நன்றாக இறங்கும். ஆனால் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களில் ‘ஏர் கூலர்’ அறையில் படுத்துத் தூங்க நம்மவர்களால் ஆகாது. அந்தப் பருவத்தில் குளிரூட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் செலவில்லை. டிசம்பர், ஜனவரியில் குளிரூட்டி தேவையே இல்லை. அது இல்லாத அறையைக் கேட்டு வாடகையைக் குறைத்துக்கொண்டு, வெந்நீர் கீசரும் ஆளுக்கொரு ரஜாயும் (பஞ்சடைத்த தடித்த போர்வை) உண்டா என்பதில் கண்டிப்பாக இருங்கள். அந்த மாதங்களில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது சகஜம் என்பதால், பணம் திரும்பக் கிடைக்காத முன்பதிவைத் தவிர்ப்பது நல்லது.

செயலியில் பதிவு செய்யும்போது மொத்த மதிப்பெண்ணை நம்பாமல், கடைசி மூன்று மாதத்து விமர்சனங்களில் குறை சொல்பவற்றை மட்டும் படியுங்கள். சேவை மோசம் என்று பொதுவாகத் திட்டுபவர்களை விட்டுவிடலாம். ‘வெந்நீர் வரவில்லை’, ‘ஜன்னல் இல்லை’, ‘பதிவு செய்த விலைக்குத் தரவில்லை’ என்று குறிப்பாக எழுதுபவர்கள்தான் நமக்கு வேண்டியவர்கள். பிறகு விடுதிக்கே தொலைபேசியில் பேசி மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: காலை ஏழு மணிக்கு வந்தால் அறை தருவீர்களா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, நேரடியாக வந்தால் வாடகை எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குப் பல நேரம் செயலியைவிடக் குறைந்த விலை பதிலாக வரும். ஒருமுறை நான் முதல் கேள்வியைக் கேட்காமல் போய்விட்டேன். காலை ஆறே முக்காலுக்கு வரவேற்பு மேசையில் இருந்தவர், அறை நண்பகல் 12 மணிக்குத்தான், இப்போதே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை என்றார். அவர் சொன்னது பதிவுச் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. இப்படி மாட்டிக்கொண்டால், நிலையத்தின் பொருள் வைப்பறையில் பெட்டிகளை விட்டுவிட்டு நண்பகல்வரை ஊர் சுற்றிவிட்டு வரலாம். பூட்டுப் போடாத பெட்டியை அங்கே வாங்கமாட்டார்கள்.

நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் வழியில்தான் பழைய தந்திரம் ஒன்று காத்திருக்கிறது. ‘அந்தத் தெருவை அடைத்துவிட்டார்கள்’, ‘அந்த ஓட்டலில் தீ விபத்து’, ‘உங்கள் பதிவு ரத்தாகிவிட்டது’ என்று ஓட்டுநர் சொல்வார். நம்பவில்லையென்றால் தன் கைப்பேசியிலேயே ‘விடுதிக்கு’ அழைத்து, மறுமுனையில் ஒருவரை ஆமாம் போடவும் வைப்பார். உங்கள் பதிவுச் சீட்டிலுள்ள எண்ணுக்கு உங்கள் கைப்பேசியிலிருந்து நீங்களே பேசுங்கள். நிலையத்துக்கு வெளியே உள்ள முன்கட்டண ஆட்டோ சாவடியில் சீட்டு வாங்கிக்கொண்டு, இறங்கும் இடத்தில் மட்டும் அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. ஓட்டுநரே அழைத்துக்கொண்டுபோய் விடும் விடுதியில், அவருக்கான தரகு உங்கள் வாடகையில்தான் சேரும்.

மேசையில் ஆதாரை நீட்டுவதற்கு முன்பே, ‘கம்ரா திகாயியே’ (அறையைக் காட்டுங்கள்) என்று இந்தியில் சொல்லி அறையைப் பார்த்துவிட வேண்டும். கரோல் பாக்கின் ஒரு பக்கத்துத் தெருவில், படத்தில் அழகான திரைச்சீலை தொங்கிய அறை ஒன்றை எடுத்தேன். உள்ளே போய்த் திரையை விலக்கினால் அதற்குப் பின்னால் சுண்ணாம்பு பூசிய வெறும் சுவர். ஈர வாடை மூக்கில் ஏறியது. திரையை விலக்கிப் பார்ப்பதை அன்றிலிருந்து முதல் வேலையாக வைத்திருக்கிறேன். ஜன்னல் கட்டடத்துக்குள்ளேயே உள்ள நடைவழியைப் பார்த்துத் திறக்கிறதா, தெருவைப் பார்த்தா என்று பாருங்கள். கீசரைப் போட்டு, அறையை நோட்டம் விடும் நேரத்தில் தண்ணீர் சுடுகிறதா என்று சோதியுங்கள். கதவின் உள்தாழ்ப்பாளை ஒருமுறை போட்டு எடுங்கள். தலையணை உறை கசங்கியிருந்தால் மாற்றித் தரச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அறை பிடிக்காவிட்டால் ‘வேறு காட்டுங்கள்’ என்றால் போதும். அதே வாடகையில் இரண்டாவதாகக் காட்டும் அறை பெரும்பாலும் மேலானதாக இருக்கும்.

படிக்கட்டையும் பார்த்துவிடுங்கள். 2019 பிப்ரவரி 12 அன்று விடியற்காலையில் கரோல் பாக் விடுதி ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் 17 பேர் உயிரிழந்தார்கள். மலிவான அறையில் சோப்பு இல்லாமல் இருக்கலாம், துண்டு பழையதாக இருக்கலாம்; வெளியேற வழி இல்லாமல் இருக்கக் கூடாது. இரண்டாம் மாடிக்கு மேல் போகாமல், தெருப் பக்கம் திறக்கும் ஜன்னலுள்ள அறையைக் கேட்பதும், மாற்றுப் படிக்கட்டு பூட்டிக் கிடக்கிறதா என்று பார்ப்பதும் ஐந்து நிமிட வேலை. இதில் மட்டும் பேரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பேரம் என்பது வாடகையில். இரண்டு இரவுக்கு மேல் தங்குவதானால் குறைத்துக் கேட்கலாம். காலைச் சிற்றுண்டியை நீக்கிவிட்டுக் கேட்டால் இன்னும் இறங்குவார்கள். மூன்றாவது ஆளுக்குத் தனிக் கட்டில் வேண்டாம், ஒரு ‘கத்தா’ போதும், அதாவது தரையில் விரிக்கும் மெத்தை போதும் என்றால் கூடுதல் கட்டணம் பாதியாகும். பேசி முடித்த தொகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதை அங்கேயே கேட்டு, வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கான ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ரசீதில் இன்னும் 12 என்று இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். ‘சேவைக் கட்டணம்’ என்று தனியாக ஒரு தொகை சேர்த்திருந்தால், அது கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கூட வரும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் முகவரியுள்ள அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். பான் அட்டையில் முகவரி இல்லாததால் அதைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். நகலைக் கொடுக்கும்போது அதன் மேல் விடுதியின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். திரும்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில்தான் கிளம்பும் என்பதால், நண்பகலில் அறையைக் காலி செய்த பிறகு மாலைவரை பெட்டிகளை மேசைக்குப் பின்னால் வைத்திருக்க முடியுமா என்பதையும், முகம் கழுவ ஒரு குளியலறை கிடைக்குமா என்பதையும் முதல் நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.