மாதத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர்களைக் காரில் போய்ச் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “எந்த ரூட்ல போகலாம்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “எந்த மாதம் போறீங்க?” கோட்டையும் பெரிய கோயிலும் எப்போது போனாலும் அங்கேயே நிற்கும். ஆனால் அந்த ஊர்களில் பார்க்க வேண்டியவற்றில் பாதி வருஷத்துக்கு ஒரே ஒரு நாள்தான் நடக்கும். அதிலும் சில, காலையில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் சிங்கம்புணரி பக்கம் ஒரு கண்மாயில் மீன்பிடித் திருவிழா என்று யாரோ சொல்ல, நானும் என் வீட்டுக்காரரும் அத்தையும் திருச்சியிலிருந்து அதிகாலை மூன்றரை மணிக்கே கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது கண்மாய்க்குள் ஆயிரக்கணக்கான கால்தடங்கள் மட்டும் சேற்றில் இருந்தன. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “நேத்தே அழிச்சுட்டாகளே தாயி” என்றார். கண்மாயை அழிப்பது என்றால், ஊரே இறங்கி மீனைப் பிடித்து முடிப்பது. அந்த வார்த்தையையே அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அப்புறம் தேதியை உறுதி செய்யாமல் வண்டியை எடுத்ததே இல்லை.

சரி, எப்படித் திட்டம் போடுவது?

முதலில் வீட்டிலுள்ள தினசரிக் காலண்டரை எடுத்துத் தமிழ் மாதத்தைப் பாருங்கள். தை 3 என்றால் காரைக்குடி பக்கம் சிராவயலில் மஞ்சுவிரட்டு. மாசி மகம் என்றால் கீரமங்கலம் பக்கத்துக் குளமங்கலம். பங்குனியிலிருந்து வைகாசி வரை, கண்மாய்த் தண்ணீர் வற்றுகிற காலம், மீன்பிடித் திருவிழாக்கள். வைகாசி, ஆனி, ஆடியில் பல ஊர்களில் புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண் குதிரை கொண்டு போகிற விழா. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் தை, மாசி வரை பறவைகள். இதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றைச் சுற்றி, என்றைக்கும் பார்க்கக்கூடிய இரண்டு மூன்று இடங்களைச் சேர்த்தால் இரண்டு நாள் பயணம் தயார். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். அப்படிப் போனால் கார் கண்ணாடி வழியாகத்தான் எல்லா ஊரையும் பார்ப்பீர்கள்.

சிராவயல் மாதிரி பெயர் பெற்ற இடங்களுக்குத் தேதி தெரிந்துவிடும். சின்ன ஊர் விழாக்களுக்குத்தான் வழி தேட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் தேதி பெரும்பாலும் போன வருஷத்து விழாவின் செய்தியாக இருக்கும். மாதம் தெரிந்ததும் திருப்பத்தூர், சிங்கம்புணரி, அறந்தாங்கி பேருந்து நிலையச் சுவர்களைப் பாருங்கள். சுற்றுவட்டார விழாக்களின் சுவரொட்டி அங்கே இருக்கும். அதைவிட நல்லது, பக்கத்து ஊர் டீக்கடை. ஒரு டீ சொல்லிவிட்டு, “அண்ணே, இந்தப் பக்கம் கண்மாய் அழிக்கிறது எப்போ?” என்று கேட்டால், கேட்காதவரும் சேர்ந்து பதில் சொல்வார். “எங்கிட்டுருந்து வர்றீக?” என்று ஆரம்பித்து யாராவது ஒருவர் போன் நம்பரும் தந்துவிடுவார். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை அந்த நம்பருக்கு ஒருமுறை பேசிவிடுங்கள். மழை வந்தாலோ ஊரில் ஒரு துக்கம் விழுந்தாலோ நாள் தள்ளிப்போகும்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மீன்பிடித் திருவிழாவைச் சரியாகப் பிடித்தோம். விடியும்போதே கரை முழுக்க ஆட்கள். கையில் ஊத்தா, கச்சா, வலை. ஒன்றுமில்லாதவர்கள் கொசுவலை, பழைய சேலை. ஊத்தா என்பது அடியும் மேலும் திறந்த கூம்புக் கூடை. அதைச் சேற்றில் குத்தி அமுக்கி, உள்ளே மீன் முட்டுகிற அதிர்வு தெரிந்தால் மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவிப் பிடிப்பார்கள். எல்லாரும் தயாராக நின்றாலும் ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சாமி கும்பிட்டுவிட்டு வந்து வெள்ளைத் துண்டை வீசினார்கள். அடுத்த நொடி கண்மாயில் தண்ணீரே தெரியவில்லை, தலைகள்தான். விரால், கெளுத்தி, கெண்டை, ஜிலேபி என்று கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அந்த மீனை விற்கமாட்டார்கள். எல்லார் வீட்டிலும் மீன் குழம்புதான். வெளியூர்க்காரர்களான எங்களைக்கூட, “இறங்குங்க, பிடிங்க” என்று கூப்பிட்டார்கள். இதற்குப் போகும்போது பழைய துணியும் மாற்றுத் துணியும் எடுத்துப் போங்கள். வண்டியைக் கரையில் ஏற்றாமல் ரோட்டிலேயே நிறுத்துங்கள். ஆறு மணிக்குள் போய்விட வேண்டும், எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

இந்த வட்டாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அய்யனார் குதிரைகள்தான். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் வழியில் நமுனசமுத்திரத்தில் திரும்பினால் இளங்குடிப்பட்டி அய்யனார் கோயில். பாதையின் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். முன்னால் நிற்பது முழுசாக இருக்கும். உள்ளே போகப் போக காது போனது, தலை போனது, வெறும் கால்கள் மட்டும் நிற்பது. பழசை யாரும் ஒட்டுவதில்லை, அகற்றுவதும் இல்லை. மண்ணில் வந்தது மண்ணாகப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். உடைந்த குதிரையின் பக்கத்தில் குனிந்து பாருங்கள். உள்ளே கூடு. சுவரில் உமி எரிந்துபோன சின்னச் சின்னத் துளைகள். செய்தவரின் விரல் தடம்கூடச் சில இடங்களில் தெரியும். அப்படி ஒரு தடத்தில் என் விரலை வைத்துப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

புதுக் குதிரை வருவது புரவி எடுப்பில். அத்தை பிறந்த ஊர் சிங்கம்புணரி பக்கம் என்பதால் முறையை அவர்தான் சொல்லித் தந்தார். ஊரார் முதலில் மண் குதிரை செய்கிற வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்தான். அதைத் தன் மண்ணோடு சேர்த்துப் பிசைந்த பிறகுதான் வேளார் குதிரைக்குக் கால் பிடிக்க ஆரம்பிப்பார். விழா நாளில் சுட்டு, வண்ணம் தீட்டி, மாலை போட்ட குதிரைகளை வேளார் இடத்திலிருந்து தோளில் தூக்கி, கொட்டு முழக்கத்தோடு அய்யனார் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். முடிந்தால் விழாவுக்குச் சில வாரம் முன்னாலேயே ஒருமுறை போய், வேளார் வீட்டு வாசலில் கால்கள் மட்டும் நிற்கிற நிலையில் பாருங்கள். அதைப் பார்த்தவருக்கு ஊர்வலத்தில் குதிரையின் எடை புரியும்.

குளமங்கலத்தில் இருப்பது வேறு வகை. பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் முன்னால், முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரைச் சிலை, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மாசி மகத்தன்று காகிதப்பூ மாலைகளை வண்டிகளில் ஏற்றி வந்து அதற்குச் சாத்துகிறார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி ஏறி, மதியத்துக்குள் குதிரையின் உடம்பே மறைந்துவிடும். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை என்று இரண்டு தடவை பார்த்தால்தான் அந்த வித்தியாசம் தெரியும். கூட்டம் பெரிது. ஊருக்கு வெளியிலேயே வண்டியை விட்டுவிட்டு நடப்பது நல்லது.

அறந்தாங்கி வழியாகப் போனால் ஆவுடையார்கோயிலையும் சேர்த்துக்கொள்ளலாம். இதுவும் குதிரைக் கதை உள்ள இடம்தான். பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் இங்கே கோயில் திருப்பணிக்குச் செலவழிக்க, சிவன் நரிகளைக் குதிரைகளாக்கி மதுரைக்கு ஓட்டிப்போனார் என்பது கதை. கருவறையில் லிங்கம் இல்லை, அதன் பீடமான ஆவுடை மட்டும். கொடிமரம், நந்தியும் இல்லை. நைவேத்தியம் புழுங்கல் அரிசிச் சோறு, கீரை, பாகற்காய். சுடச்சுடப் படைகல்லில் குவித்துவிட்டால் எழும்புகிற ஆவியே சாமிக்குப் படையல். அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள். சிற்பிகள் வேலை ஒப்புக்கொள்ளும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதித் தருவார்களாம். கொடுங்கை என்றால் வளைந்து இறங்குகிற கல் தாழ்வாரம். அண்ணாந்து பார்த்தால் ஏன் என்று தெரியும். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்து, ஆணி அடித்தது போலக் குமிழ்கூடச் செதுக்கியிருக்கிறார்கள்.

இனி, எந்த மாதமானாலும் பார்க்கலாம் என்கிற வகை. கானாடுகாத்தான் வீடுகளைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒரு தெருவில் நடந்துவிட்டு, திறந்திருக்கும் ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் போதும். அந்த வீடுகளின் தரையில் பாதி நேரத்தைச் செலவிடுங்கள், ஏனென்றால் அடுத்துப் போக வேண்டியது அந்தத் தரைக்கல் பிறக்கிற ஆத்தங்குடி.

ஆத்தங்குடிக்கு வேலை நாளில் போக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய பட்டறையைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறோம். அடுத்த முறை செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போனோம். தரையில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகடு அச்சு. சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை அச்சின் ஒவ்வோர் அறைக்குள்ளும் கரண்டியால் ஊற்றுகிறார் அந்த அண்ணன். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்குகிறார். நிறங்கள் ஒன்றையொன்று தொடுகின்றன, கலப்பதில்லை. உடனே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, மேலே கலவையைப் போட்டுக் கரணையால் சமன் செய்கிறார். இப்போது பார்த்தால் வெறும் சாம்பல் நிறப் பலகை. பூ கீழே, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறி, வெயிலுக்கு வரும்போதுதான் தெரியும். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது, மெஷின் பாலிஷ் கிடையாது.

அங்கே நிற்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அச்சைத் தூக்குகிற நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஒரு சொட்டு தவறினால் அந்தக் கல் போச்சு. வேலை செய்பவரைப் படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். இரண்டு கல்லாவது வாங்குங்கள்.

மழை இறங்கிய பின் போகிறவர்கள் திருப்பத்தூர் – மதுரை ரோட்டில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் இறங்க வேண்டும். 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே பறவைகளைப் பார்த்துக்கொள்வது கொள்ளுக்குடிப்பட்டி ஊர்க்காரர்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட அங்கே வெடி வெடிப்பதில்லை. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் கூடு கட்டியிருக்கும். நாங்கள் தீபாவளிக்கு மறுநாள் போனோம். தெருவில் ஒரு வெடிக் காகிதம்கூட இல்லை. எங்கள் வண்டியின் ஹாரன் சத்தத்துக்கு ஒரு சின்னப் பையன் ஓடிவந்து, “அடிக்காதீங்கக்கா, குஞ்சு இருக்கு” என்றான். அங்கே போனால் ஹாரனை மறந்துவிடுங்கள்.

இசையில் விருப்பம் உள்ளவர்கள் சிவகங்கை தாண்டி மானாமதுரை வரை ஓட்டலாம். கச்சேரியில் கேட்கிற கடம் அங்கே மண்ணாக இருக்கும்போதே பார்க்கலாம். சக்கரத்திலிருந்து எடுத்த பானையை உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தட்டலில்தான் சுவர் கெட்டிப்படும்.

சில சில்லறை விஷயங்கள். தங்கக் காரைக்குடி வசதி. அய்யனார் கோயில்களில் எல்லைக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றிவிடுங்கள். சில கோயில்களில் பெண்கள் உள்ளே போகும் முறை வேறாக இருக்கும். பூசாரியிடம் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார். மஞ்சுவிரட்டில் மாடு எந்தப் பக்கமும் வரும், அதனால் மேட்டிலோ நின்றிருக்கும் லாரி மேலோதான் நிற்க வேண்டும், குழந்தைகளோடு போகாதீர்கள். சின்ன ஊர்களில் பத்து, இருபது ரூபாய்த் தாள் கையில் இருக்கட்டும். வயதானவர்கள் கூட வந்தால், கழிவறைக்குப் பெரிய ஊரிலேயே நிறுத்திவிடுங்கள்.

ஆத்தங்குடிக் கல்லைக் காரில் ஏற்றும்போது படுக்க வைத்து அடுக்கக் கூடாது. செங்குத்தாக நிறுத்தி, நடுநடுவே வைக்கோலோ செய்தித்தாளோ கொடுத்து, பின்னால் பக்கத்துக்குப் பக்கம் நெருக்கமாக வையுங்கள். நாங்கள் கொண்டுவந்த ஆறு கல்லும் துளசி மாடத்துக்கு முன்னால் பதித்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை தோறும் அத்தை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடைக்கிறார். மூன்றாவது கல்லில் பச்சை கொஞ்சம் மஞ்சளுக்குள் இறங்கியிருக்கிறது. நான் பேச்சுக் கொடுத்தபோது ஊற்றிய கல் அது. அதைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.