பதவி உயர்ந்தபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமேசுவரத்தை ஒட்டிய மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பகுதிகளில் இறால், நண்டு பதப்படுத்தும் கூடங்களிலும் ஐஸ் கம்பெனிகளிலும் படகு முதலாளிகளின் கணக்கு அறைகளிலும் பொறுப்பான இடத்தில் இருப்பவர்களில் பலர் அதே இடத்தில் கூலி வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர்கள். கை வேலை சுத்தமாக இருந்ததால் பதவி உயர்வு கிடைத்தது. அதன்பின் அவர்கள் இடறுவதற்குத் திறமைக் குறைவு காரணமாக இருப்பது அரிது. ஒருவர் எந்த வேலையில் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதைத் தப்பாகக் கணிப்பதுதான், என் பார்வையில், பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதலில் வருவது, கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் பழக்கம். இறாலைக் கவுண்ட் பார்த்து, அதாவது கிலோவுக்கு எத்தனை என்ற கணக்கில், ரகம் பிரிக்கும் மேசையை எடுத்துக்கொள்வோம். 30 கவுண்ட் இறால் ஒன்று ஏறக்குறைய 33 கிராம் இருக்கும். 40 கவுண்ட் என்றால் 25 கிராம். இந்த எட்டு கிராம் வேறுபாட்டைத் தராசு இல்லாமலே விரல்களால் அறிந்துவிடும் ஒரு பெண்மணி மேற்பார்வையாளராக ஆக்கப்படுகிறார். புதிதாக வந்த பெண் சின்ன இறாலைப் பெரிய ரகத் தட்டில் போடுவதைக் கண்டதும் அவரால் பொறுக்க முடிவதில்லை. "தள்ளு தாயி, நான் பார்க்கிறேன்" என்று தாமே மேசைக்கு வந்துவிடுகிறார். அன்றைய சரக்கு நேரத்துக்கு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பெண் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பெட்டியில் ஐஸ் இறங்கிப்போனதையும் வண்டி இன்னும் வராததையும் கவனிக்க வேண்டிய ஆள் மேசையிலேயே நின்றுவிட்டார். இரண்டு ரகத்திலும் பத்துப் பத்து இறாலைப் பொறுக்கித் தராசில் வைத்து, எடையைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லியிருந்தால் பத்து நிமிடம் போயிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது இதைவிட நுட்பமானது. ஆகவே அதிகம் நடப்பது. 1969இல் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் முன்வைத்த தலைமைக் கோட்பாடு, வழிநடத்தும் முறையை நான்காகப் பிரித்தது: நேரடியாகச் சொல்லிச் செய்ய வைப்பது, காரணம் விளக்கி இணங்க வைப்பது, கலந்து முடிவெடுப்பது, முழுவதுமாக ஒப்படைப்பது. இந்தக் கோட்பாட்டைச் சோதித்த ஆய்வுகள் அதற்கு முழு ஆதரவு தரவில்லை என்றாலும், அதிலுள்ள ஒரு கருத்து நடைமுறையில் மிகவும் உதவும். இந்த நான்கில் எது பொருந்தும் என்பது, குறிப்பிட்ட அந்த வேலையில் ஒருவருக்குள்ள திறனையும் விருப்பத்தையும் பொறுத்தது; அவருடைய வயதையோ பணிக்காலத்தையோ பொறுத்ததன்று. வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் கடல் எப்படி மாறும் என்பதை உடம்பாலேயே அறிந்த விசைப்படகு டிரைவர், டீசல் செலவையும் மீன் வரவையும் கைபேசியில் பதியும் வேலையில் கற்றுக்குட்டியாக இருக்கலாம். "அண்ணனுக்குத் தெரியாததா" என்று கணக்கர் விட்டுவிடுகிறார். தம்பி வயதுப் பையனிடம் கேட்க அண்ணனுக்கும் கூச்சம். மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும்போது, அவருக்கு அக்கறை இல்லை என்று பேச்சு எழுகிறது. மரியாதை குறையாமல் அருகில் உட்கார்ந்து முதல் சில நாள் பதிவுகளைச் சேர்ந்து போட்டிருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது. வெளியூரில் மேலாண்மை படித்துத் திரும்பிய முதலாளி மகனை நேரே மேலாளர் நாற்காலியில் உட்கார வைப்பதும் இதே பிழையின் மறுபக்கம்தான்.

தோல்வியைக் கையாளும் விதத்தில் நடக்கும் தவறுக்கு, இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் பலமுறை சொன்ன நிகழ்ச்சி பொருந்தும். அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி, 1979 ஆகஸ்ட் 10 அன்று முதல் முயற்சியில் வங்கக் கடலில் விழுந்தது. இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர்களைத் தாமே எதிர்கொண்டு பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது கலாமைப் பேச அனுப்பினார். இதைப் பெருந்தன்மைக் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: வெளியிலிருந்து வந்த பழியைத் தவான் தாங்கினாரே தவிர, வேலையைக் கலாமிடமிருந்து எடுக்கவில்லை, அடுத்த முயற்சிக்கும் அவரே திட்ட இயக்குநர். நம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக நடப்பதைப் பார்க்கலாம். ஏலம் நடக்கும் இடத்தில் பத்துப் பேர் முன்னால் வைத்துத் திட்டுவார்கள், அல்லது ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாவியை வேறொருவர் கையில் கொடுத்துவிடுவார்கள். முதலாவதிலாவது என்ன தப்பு என்று தெரியும்.

கடைசியாக, எல்லை சொல்லாமல் ஒப்படைப்பது. "நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு, நூறு ரூபாய் செலவுக்கும் கணக்குக் கேட்டால், பொறுப்பை ஏற்றவர் எல்லாவற்றுக்கும் போன் செய்யும் ஆளாகவே இருந்துவிடுவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பொறுப்பைக் கைமாற்றுவதற்கு ஏற்ற காலம் அதுவே. பலரும் அதை விட்டுவிட்டு, படகுகள் கடலுக்குப் புறப்படும் நெருக்கடியில் புது ஆளை நிறுத்துகிறார்கள். ஒரு படகின் பழுதுபார்ப்பை முழுதாக ஒருவரிடம் விட்டு, எந்தத் தொகைவரை கேட்காமல் செலவு செய்யலாம், எதற்குக் கட்டாயம் கேட்க வேண்டும், எந்தத் தேதிக்குள் படகு தண்ணீரில் இறங்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கொரு படி வைத்துக்கொள்வது போதும்.