மருந்துக்கு மசியாத டிபி: சளி டப்பாவிலிருந்து ஊர்ப் பயணம் வரை நடக்கும் தவறுகள்

தாராவியில் இருமல் விடவில்லை என்றால் கால் முதலில் போவது தெருமுனை மெடிக்கலுக்குத்தான். அங்கே சீட்டு இல்லாமலே கிடைக்கும் மாத்திரைகளில் ஒன்று லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக். பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது.

அந்த மாத்திரை டிபி கிருமியையும் தாக்கும். சில நாளில் காய்ச்சல் விட்டு இருமல் தணியலாம், டிபியாக இருக்குமோ என்ற சந்தேகமும் கூடவே போய்விடும். நுரையீரலில் மிஞ்சுவது அந்த மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகளாக இருக்கலாம். பிறகு, டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத டிபி என்று தெரியவந்தால், கைகொடுக்க வேண்டிய மருந்துகளில் ஒன்று மாக்ஸிஃப்ளாக்சசின். அதுவும் லீவோஃப்ளாக்சசின் குடும்பம்தான். இருமலுக்குத் தின்றதிலேயே அதன் வீரியம் போயிருக்கலாம். வயிற்றுப்போக்குக்கு வாங்கும் ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோலும் இதே குடும்பம் என்பது பலருக்குத் தெரியாது. லீவோஃப்ளாக்சசின் 2014 முதல், சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் ஹெச்1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதி 3 வருடம் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கடையில் நடப்பது வேறு. ஆகவே இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு முதலில் சளிப் பரிசோதனை, பிறகுதான் மாத்திரை.

அடுத்தது சளி கொடுக்கும் டப்பா. எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு, ‘டிபி இல்லை’ என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாகத் திரும்புகிறவர்கள் நிறைய. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்க வேண்டும். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்து, அடி நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். 2 முதல் 5 மில்லி, கெட்டியாக, கொழகொழவென்று இருந்தால் சரி. நுரையும் தண்ணீருமாக இருந்தால் அது எச்சில், மறுபடி எடுங்கள். பத்துக்குப் பத்து அறைக்குள் வேண்டாம், பிள்ளைகள் படுத்திருக்கும் இடம் அது. மாடியிலோ வெளியிலோ ஆளில்லாத பக்கமாக நின்று எடுங்கள். பெயரை மூடியில் எழுதக் கூடாது, டப்பாவின் பக்கத்தில் எழுத வேண்டும். லேபில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டால் யாருடைய சளி என்று தெரியாது. அன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது.

ரிப்போர்ட்டைப் படிப்பதிலும் ஒரு வழுக்கல் உண்டு. சளியில் கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனைகளான சிபிநாட், ட்ரூநாட் இரண்டுமே ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதைச் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். வழக்கமான சிபிநாட், இன்னொரு முக்கிய டிபி மருந்தான ஐசோனியாசிட் பற்றி வாயே திறக்காது. அதற்கு எல்பிஏ என்ற தனிச் சோதனை உண்டு. ‘ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை’ என்பதை ‘எல்லா மருந்தும் கேட்கும்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிகிச்சை நடுவில், குணமாகிறதா பார்க்கலாம் என்று காசு கொடுத்துச் சிபிநாட் எடுப்பதும் வீண். செத்த கிருமியின் டிஎன்ஏவும் அதில் தெரியும். அப்போது கேட்க வேண்டியது ஸ்மியரும் (சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) கல்ச்சரும்தான் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது).

சிகிச்சைக்கு வருவோம். 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மருந்துக்கு மசியாத டிபிக்கு அனுமதித்த புதிய முறையில் பெடாகுயிலின், பிரிட்டோமனிட், லினிசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் என்று நாலு மருந்து. முன்பு 20 மாதம் வரை இழுத்த சிகிச்சை இதில் 6 மாதத்தில் முடிகிறது. யாருக்கு இது பொருந்தும் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார்.

இதில் செய்யக் கூடாத காரியம், உடம்பு தேறியதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துவது. லினிசோலிடும் மாக்ஸிஃப்ளாக்சசினும் ஓரிரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும். பெடாகுயிலின் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கும். மிஞ்சிய கிருமிகளுக்கு முன்னால் அந்த ஒரே மருந்து, அதுவும் குறைந்த அளவில். கிருமி அதற்கும் பழகிக்கொள்ள இதைவிட வசதி வேண்டாம்.

பெடாகுயிலினை வெறும் வயிற்றில் போடாதீர்கள். சாப்பாட்டோடு போட்டால் சுமார் இரண்டு மடங்கு உடம்பில் சேரும். மாக்ஸிஃப்ளாக்சசினுக்கு நேர் எதிரான சிக்கல்: அசிடிட்டி மருந்து, இரும்புச்சத்து மாத்திரை கூடவே போனால் அதோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் சேராமலே வெளியேறும். எத்தனை மணி நேரம் இடைவெளி விடுவது என்று மருந்து தரும் டிபி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குமட்டலுக்கு நீங்களாக ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையை வாங்கிப் போடுவது இன்னும் ஆபத்து. பெடாகுயிலினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் ஏற்கெனவே ஈசிஜியில் க்யூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் மறுபடி தயாராக எடுக்கும் நேரத்தை) நீட்டுகிறவை, இதுவும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறலாம். பாதம் எரிந்தாலோ, பார்வை மங்கினாலோ, நிறம் மாறித் தெரிந்தாலோ லினிசோலிட் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதோ நிறுத்துவதோ அவர் முடிவு.

கடைசியாக, ஊருக்குப் போவது. மே லீவிலும் கோவில் கொடைக்கும் திருநெல்வேலிப் பக்கம் கிளம்பும்போது, அங்கே மெடிக்கலில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பெடாகுயிலின் அப்படிக் கிடைக்காது. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மையத்தில், அரசு டிபி பதிவில் உங்களுக்குத் தந்திருக்கும் நிக்‌ஷய் எண்ணைக் காட்டிச் சொல்லுங்கள். சில நாள் பயணம் என்றால் கையில் மாத்திரை கேட்டு வாங்கலாம். அதிக நாள் தங்குவதானால் அதே எண்ணில் ஊர்ப் பக்க மையத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். குழப்பமிருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். பழைய ரிப்போர்ட்டுகளைப் பையில் எடுத்துக்கொள்ளுங்கள், எல்பிஏ தாளை முக்கியமாக.