எந்தக் கிணறு? 1854 லண்டன் முறையில் தெருவின் நீர்வரைபடம் போடுவது எப்படி

ஒரு தெருவில் பேதி பரவினால், எந்தத் தண்ணீரால் வந்தது என்று கண்டுபிடிக்க நுண்ணோக்கி இல்லாமலும் முடியும். ராபர்ட் கோக் காலராக் கிருமியைப் பிரித்துக் காட்டும் முன்பே, 1854-ல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் லண்டன் சோஹோவில் வீடு வீடாகக் கேட்டு அதைச் செய்தார்; பிராட் தெருவின் பொதுப் பம்புக் கிணறுதான் காரணம் என்று கண்டார். பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கத்துத் தெருக்களில், நாலு பேர் சேர்ந்தால் இரண்டு நாளில் முடியும். முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தகவல் சொல்லிவிடுங்கள்.

முதலில் பட்டியல். ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் நம்பினால் கேரள-தமிழ்நாடு எல்லையில் ஏமாந்துபோவோம். வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் பாதிப் பேர் பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ போய்விடுவார்கள். இந்தப் பக்கப் பதிவேட்டில் அவர்கள் இருக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு கதவையும் தட்டுங்கள். வீட்டு எண், வயது, முதல் பேதி ஆன நாளும் நேரமும், அதற்கு முந்தைய 5 நாளில் குடித்த தண்ணீர் எல்லாம் வேண்டும். காலரா தொற்றிச் சில மணி நேரம் முதல் 5 நாளுக்குள் வெளிப்படும் என்பதால்தான் இந்தக் கணக்கு. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டால் "பைப் தண்ணி" என்றுதான் பதில் வரும். "பைப் வராத அன்னிக்கு எங்க எடுத்தீங்க? தோட்டத்துல, டீக்கடையில?" என்று கேளுங்கள்.

வரைபடத்துக்கு ஒரு சார்ட் தாள் போதும், 1 செ.மீ.க்கு 10 மீட்டர். 30 மீட்டர் டேப்பை விரித்து மூன்று முறை நடந்து, உங்கள் ஓர் அடி எத்தனை செ.மீ. என்று தெரிந்துகொண்டால் தெருவைக் காலாலேயே அளக்கலாம். கிணறு, போர், பொதுக்குழாய், லாரித் தண்ணீர் நிற்கும் இடம், கக்கூஸ் குழி எல்லாவற்றையும் குறியுங்கள். நோயாளி ஒருவருக்கு ஒரு சிறு கோடு. ஒரே வீட்டில் நாலு பேர் என்றால் நாலு கோடு, ஒன்றன்மேல் ஒன்றாக. வீட்டுக்கு ஒரே புள்ளி வைத்தால் மூன்று பேர் மறைந்துவிடுவார்கள்.

ஸ்னோ பிறகு இன்னொன்றும் சேர்த்தார்: பிராட் தெரு பம்புக்கும் சுற்றியுள்ள மற்றப் பம்புகளுக்கும் நடக்கும் தூரம் சமமாக இருக்கும் இடங்களை இணைத்த கோடு. அதற்கு உள்ளே இருப்பவர்களுக்குப் பிராட் தெரு பம்புதான் பக்கம். ஸ்கேல் வைத்து நேராக அளக்காதீர்கள். நடுவில் வாய்க்காலோ வேலி போட்ட தோப்போ இருந்தால் பக்கத்துக் கிணறே தூரமாகிவிடும்.

உண்மையான வேலை விதிவிலக்குகளில் இருக்கிறது. பிராட் தெரு பம்புக்கு அருகிலிருந்த போலந்து தெரு ஏழைகள் விடுதியில் 535 பேரில் 5 பேர்தான் இறந்தார்கள். அங்கே சொந்தக் கிணறு. மதுத் தொழிற்சாலையின் 70-க்கு மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் சாகவில்லை, பீர் குடித்தார்கள். தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் ஒரு விதவை இறந்தார். அவர் அந்தப் பம்புத் தண்ணீரை வரவழைத்துக் குடித்தவர். உங்கள் தாளிலும் நடுவில் தப்பித்த வீடுகளையும், தூரத்தில் விழுந்தவர்களையும் தனியாக வட்டமிட்டு, மறுபடி போய்க் கேளுங்கள். கேன் தண்ணீர் வாங்கும் வீடாக இருக்கலாம், உறவினர் வீட்டில் குடித்தவராக இருக்கலாம். அன்று கெட்ட காற்றையும் ஏழைகளின் அழுக்கையும் குற்றம் சொன்னார்கள்; இன்றும் "அந்தக் காலனியில சுத்தம் பத்தாது" என்ற பேச்சு எழும். அதை எழுதாதீர்கள், தண்ணீரை மட்டும் எழுதுங்கள்.

கோடுகள் அதிகம் என்பதாலேயே ஒரு கிணறு குற்றவாளி ஆகாது. 100 பேர் குடிக்கும் கிணற்றில் 8 பேர், 20 பேர் குடிக்கும் கிணற்றில் 5 பேர் என்றால், சிறிய கிணறுதான் சந்தேகத்துக்குரியது. தென்லண்டனில் ஸ்னோ 10,000 வீட்டுக்கு இத்தனை சாவு என்று கணக்கிட்டார்: ஒரு கம்பெனித் தண்ணீருக்கு 315, இன்னொன்றுக்கு 37.

பம்பின் கைப்பிடி 1854 செப்டம்பர் 8-ல் கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே தணிந்துகொண்டிருந்தது. ஸ்னோவே அதை ஒப்புக்கொண்டார். ஆகவே படம் முடியும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வலுத்ததும் கிணற்றைக் குடிக்க நிறுத்துங்கள். பிளீச்சிங் பவுடர் போடும் முன்பே சுகாதார ஆய்வாளர் தண்ணீர் மாதிரி எடுத்துவிட வேண்டும்; போட்ட பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது. நோய் பரவும்போது அளவு 1,000 லிட்டருக்கு 5 கிராம். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீர் என்றால் சுமார் 14,000 லிட்டர், அதாவது 70 கிராம். வாளியில் குழைத்துத் தண்ணீர் சேர்த்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் கிணற்றில் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்கக் கூடாது. திறந்துவைத்த பழைய பவுடரில் குளோரின் போயிருக்கும்.

கடைசியாகக் கிணற்றின் சுவர். ஸ்னோவை முதலில் நம்பாத ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், தானே விசாரித்து, பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டுக் குழந்தையின் நோயிலிருந்து தொடங்கியது என்று கண்டார். தோண்டிப் பார்த்தபோது அந்த வீட்டின் கழிவுக்குழி பம்பின் கிணற்றிலிருந்து 3 அடிக்குள் இருந்தது, செங்கல் பெயர்ந்திருந்தது. உங்கள் வரைபடத்திலும் குழிக்கும் கிணற்றுக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். உறை எங்கே விரிந்திருக்கிறது என்று இறங்கத் தெரிந்தவரை வைத்துப் பாருங்கள்.