பாலைவனத்தில் கிடைத்த கல்வகை விண்கல்லை வகைப்படுத்தும் முறை

சகாராவிலோ ஓமானிலோ பொறுக்கிய விண்கல் ஒன்று கொடைக்கானலிலோ உதகையிலோ வசிக்கும் ஒருவரின் கைக்கு வந்து சேர்ந்தால், வகைப்படுத்தத் தொடங்கும் முன்பே அதை ஈரத்திலிருந்து காப்பாற்ற வேண்டும். வறண்ட மணலில் நெடுங்காலம் கிடந்து உப்பேறிய கல்லின் இரும்பு–நிக்கல் உலோகம், நம் மலையின் மழைக்கால மூடுபனியில் விரைவாகத் துருப்பிடிக்கும். அந்தத் துரு பாலைவனத்தில் பிடித்ததா, நம் அலமாரியில் பிடித்ததா என்று பின்னர் சொல்ல முடியாமல் போகும். ஆகவே கல்லைத் தண்ணீரில் கழுவாமல், காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, எடை, படம், கண்டெடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை முதலில் பதிவு செய்யுங்கள்.

அது விண்கல்தானா என்பது அடுத்த கேள்வி. சிறிய, வலுவற்ற காந்தத்தை நூலில் தொங்கவிட்டுச் சோதித்தால் போதும். வலிமையான நியோடிமியம் காந்தம் கல்லில் பதிந்துள்ள பழைய காந்தப் பதிவை அழித்துவிடும். ஆனால் காந்தத்தை மட்டும் நம்புவது சரியன்று. நீலகிரியின் சார்னோக்கைட் பாறையில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு கனிமம் இருந்தால் அதுவும் காந்தத்தை ஈர்க்கும். எனவே ஒரு மூலையைச் சாணையில் தேய்த்துப் பாருங்கள்: வெள்ளி போல மின்னும் உலோகப் புள்ளிகளும், காண்ட்ரூல் எனப்படும் மில்லிமீட்டர் அளவிலான கனிம உருண்டைகளும் தென்பட்டால், அவற்றைக் கொண்ட கல்வகை விண்கல்லான காண்ட்ரைட் என்று எதிர்பார்க்கலாம். உள்ளே குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் அது உலைக் கசடே. பழனி மலையில் 1898-இல் கிடைத்து, கொடைக்கானல் என்றே பெயர் பெற்ற விண்கல் இரும்பு வகையைச் சேர்ந்தது என்பதால், அதன் படங்களை வைத்துக் கல்வகையை ஒப்பிட வேண்டாம்.

இதற்குமேல் ஆய்வகத்தின் வேலை. கல்லை வெட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெருகூட்டிய தகடாக்கி, எலக்ட்ரான் நுண்ணாய்வுக் கருவியில் ஆலிவின் என்ற கனிமத்தின் படிக மணிகளில் ஃபயலைட் (அதன் இரும்புக் கூறு) எத்தனை விழுக்காடு என்று அளக்கிறார்கள். அது ஏறத்தாழ 16 முதல் 20 வரை இருந்தால், காண்ட்ரைட்டுகளில் மொத்த இரும்பு மிகுந்த எச் குழு. 22 முதல் 26 வரை, இரும்பு குறைந்த எல் குழு. அதற்கு மேல் 32 வரை, இரும்பும் உலோகமும் மிகக் குறைந்த எல்எல் குழு. உலோகத்தின் அளவையோ காந்த ஏற்புத்திறனையோ (காந்தப்புலத்தில் கல் எவ்வளவு காந்தமாகிறது என்பதை) வைத்தே குழுவை முடிவு செய்யலாம் என்பவர்கள் உண்டு. புதிதாக விழுந்த கல்லுக்கு அது ஓரளவு பொருந்தும். பாலைவனக் கல்லில் உலோகம் துருவாகிவிடுவதால் எச் குழுக் கல்லும் எல் போலத் தோன்றும். துரு முதலில் உலோகத்தையே தின்கிறது, ஆலிவினை வெகுகாலம் விட்டுவைக்கிறது. ஆகவே ஆலிவின் சொல்வதே நம்பத் தக்கது.

பின்னர் வெப்பமேறிய படிநிலையை 3 முதல் 6 வரை குறிக்கிறார்கள். மூன்றில் காண்ட்ரூல்களின் விளிம்பு கூர்மையாக இருக்கும், ஆலிவினின் வேதி இயைபு ஒரு படிக மணிக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேறுபடும். ஆறில் காண்ட்ரூல்கள் சூழ்ந்துள்ள பொருளோடு கலந்து மங்கிவிடும், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் 50 மைக்ரானுக்கு மேல் வளர்ந்திருக்கும். மோதல் அதிர்ச்சியை எஸ்1 முதல் எஸ்6 வரையிலும், துருவின் அளவை டபிள்யூ0 முதல் டபிள்யூ6 வரையிலும் தனித்தனியே தருவார்கள். டபிள்யூ2-இல் உலோகத்தில் 20 முதல் 60 விழுக்காடு துருவாகியிருக்கும். டபிள்யூ4-இல் 95 விழுக்காட்டுக்கு மேல். ஆலிவின் போன்ற சிலிக்கேட்டுக் கனிமங்கள் சிதையத் தொடங்குவது டபிள்யூ5-இல்தான். இந்த மதிப்பீட்டைக் கல்லின் மேற்பரப்பில் அல்லாமல் உட்பகுதியின் மெருகூட்டிய வெட்டிலேயே செய்ய வேண்டும்.

இவ்வாறு கிடைக்கும் முடிவு, எடுத்துக்காட்டாக, "எல்6, எஸ்3, டபிள்யூ2" என்ற வடிவில் அமையும். சர்வதேச விண்கல் சங்கத்தின் பெயரிடும் குழு அதை ஏற்பதற்கு, 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அந்த அளவு மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய, இடம் தெரியாத சகாரா கற்களுக்குப் பெரும்பாலும் "வடமேற்கு ஆப்பிரிக்கா" என்ற பொதுப்பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே கிடைக்கும்.