ஆஸ்திரேலியாவில் 'பேத்தாலஜிக்குப் போங்கள்' என்றால் பயப்படாதீர்கள்

மெல்போர்ன் வந்த புதிதில் டாக்டர் ஒரு சீட்டை நீட்டி "பேத்தாலஜிக்குப் போங்கள்" என்றதும் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பயாப்சியும் போஸ்ட்மார்ட்டமும்தானே நினைவுக்கு வரும்? இங்கே பேத்தாலஜி என்பது நம் 'லேப்'தான்.

சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் அச்சாகியிருக்கும். டாக்டர் காரணம் சொல்லி இங்கேதான் என்று எழுதாதவரை எந்த சென்டருக்கும் போகலாம். மெடிகேர் (இங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தால் பெரும்பாலும் செலவில்லை. இல்லையென்றால் கட்டிவிட்டு இன்ஷூரன்ஸில் கேளுங்கள்.

ரத்தத்தைப் பல நிற மூடிக் குழாய்களில் பிடிப்பார்கள். ஊதா மூடி ஹீமட்டாலஜிக்கு; ஹீமோகுளோபினும் அணுக்களும் அங்கேதான் பார்ப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எல்லாம் கெமிக்கல் பேத்தாலஜி. சிறுநீர் கல்ச்சர் மைக்ரோபயாலஜிக்குப் போகும். கிருமி வளர இரண்டு மூன்று நாள் ஆகும், நச்சரித்துப் பயனில்லை. அலர்ஜிக்கு இம்யூனாலஜி. வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அனாட்டமிக்கல் பேத்தாலஜி. இவர் பயந்தது அதற்குத்தான்.

எங்களைக் கவிழ்த்தது வேறு. டாக்டர் "எல்லாம் நார்மல்" என்றார். நமக்கு அது போதுமா? ஊர்ப் பழக்கத்தில் ரிப்போர்ட்டை அச்செடுத்து வாங்கி வந்தோம். கிரியாட்டினின் 92! ஊரில் 1.2 தாண்டினாலே நெஃப்ராலஜிஸ்டைத் தேடுவோம். போனில் அத்தை அழ ஆரம்பித்துவிட்டார். சனிக்கிழமை ராத்திரி, மெடிகேர் இல்லாத நாங்கள் எமர்ஜென்சிக்கு ஓடினோம். இளம் டாக்டர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டே விளக்கினார்: இங்கே அளவு மைக்ரோமோலில், நம் ஊரில் மில்லிகிராமில். 88.4-ஆல் வகுத்தால் நம் ஊர்க் கணக்கு, அதாவது 1.04. பக்கத்திலேயே நார்மல் அளவு 60–110 என்று போட்டிருந்ததை நாங்கள் பார்க்கவே இல்லை. பில் வந்தபோதுதான் நிஜமாகவே நெஞ்சு வலித்தது.

சர்க்கரையில் இது தலைகீழ். வெறும் வயிற்றில் 7.8 என்று பார்த்துவிட்டு, ஒற்றை இலக்கம்தானே என்று பாயசம் குடித்த நண்பர் ஒருவர் இருக்கிறார். 18-ஆல் பெருக்குங்கள்: 140. வெறும் வயிற்றில் 7.0-ஐத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டிய எண் அது.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் இப்போது 18, 88.4 என்று எழுதி ஒட்டியிருக்கிறது. அத்தை மட்டும் இன்னும் போனை எடுத்ததும் "கிட்னி எப்படி இருக்கு?" என்றுதான் ஆரம்பிக்கிறார்.